கேசட் என்னும் பேழை

"கேசட்டை எடுத்து ஊதிப் போடுடா!"

தொண்ணூறுகளில் திண்டிவனத்தில் வளர்ந்த எங்களுக்கு, முழு ஆண்டு லீவு என்றாலே இந்தக் குரல்தான். டிவியின் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு வீடியோ கேம் ஒயரைச் செருகுவோம். சேனலைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிப்போம். மேலே உள்ள பிளவில் மஞ்சள் கேசட்டை அழுத்துவோம். திரை கலங்கினால் உடனே உருவி ஓர் ஊது.

அந்தக் கேசட்டுக்குள் நாடா கிடையாது. பிறகு ஏன் அந்தப் பெயர்? விழுப்புரம் நேருஜி சாலைக் கடைகளில் அன்று கேசட் என்றால் பாட்டுக் கேசட். டெக் வாடகைக்கு எடுத்தால் படக் கேசட். மூன்றாவதாக வந்த பெட்டிக்கும் பழைய பெயரையே ஒட்டிவிட்டோம் என்று நினைத்திருந்தேன். ஆங்கிலத்தில் அது கார்ட்ரிட்ஜ் என்று பின்னாளில் அறிந்தபோது, தப்பாகச் சொல்லிவந்தோமே என்று கூச்சமாக இருந்தது.

கூச வேண்டியதே இல்லை. எங்கள் வீடியோ கேம்கள் பெரும்பாலும் நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள். ஃபேமிகாம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1983 ஜூலை 15 அன்று. பிறந்த ஊரிலும் அதில் செருகும் பெட்டிக்குப் பெயர் 'கசெட்டோ' தான்!

கேசட் பிரெஞ்சுச் சொல். சிறு பெட்டி என்று பொருள். பிலிப்ஸ் 1963இல் ஒலிநாடாவைக் கையடக்கக் கேசட்டாகக் கொண்டுவருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த சொல் அது. கேசட்டுக்குத் தமிழில் 'ஒலிப்பேழை' என்று பெயர் வைத்தவர்கள் வேரையே பிடித்துவிட்டார்கள். பேழையும் பெட்டிதானே. கார்ட்ரிட்ஜோ துப்பாக்கித் தோட்டாவின் பெயர். வெடிமருந்தைச் சுற்றிய காகிதக் குழலிலிருந்து வந்தது. என்னைக் கேட்டால், நம் தெருப்பிள்ளைகள் சொன்னதே பொருத்தம்.

உடைந்த கேசட் ஒன்றைப் பிளந்து பார்த்திருக்கிறேன். பாதிப் பெட்டி காலி. உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் பலகை; அதன் நடுவில், உருகிய தார் சொட்டி உறைந்ததுபோல் ஒரு கரும்பொட்டு. ஆட்டம் முழுவதும் அந்தப் பொட்டுக்கு அடியில் இருக்கும் சில்லில்தான். பலகையின் விளிம்பில் பக்கத்துக்கு 30 ஆக 60 உலோகப் பட்டைகள். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படம்கூட அதற்குள் அடங்காது.

ஊதினால் சரியாகும் என்பது மட்டும் எங்கள் பிழை. உருவிச் செருகும்போது பட்டைகள் உரசிக்கொண்டதால்தான் படம் வந்தது. மூச்சின் ஈரம் அந்த உலோகத்தை மெல்ல அரிக்கும். ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே சொல்லியிருக்கிறது.

சொல்லில் பிழையில்லை. ஒரு தலைமுறை தினமும் புழங்கிய சொல் இது. அகராதி தொகுப்பவர்கள் 'கேசட்' என்பதற்குப் பாட்டு, படம் இரண்டோடு நிறுத்திவிடாமல், நாடா இல்லாத அந்த மஞ்சள் பெட்டியையும் ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டும்.