நம்மைக் காட்டிக் கொடுத்த பழக்கங்கள்

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பது நம்மவர் பழமொழி. பிறந்த மண்ணை விட்டுப் பிறர் மண்ணில் கால் வைக்கும் எவருக்கும் இது பொருந்தும். அவர் வாய் திறந்து ஊர் சொல்லுமுன் அவருடைய பழக்கங்கள் சொல்லிவிடும். ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்லும் அமெரிக்கப் பயணியை அங்குள்ளோர் எளிதில் கண்டுகொள்வர் என்பர். உரத்த பேச்சு, முன்பின் அறியாதவரிடமும் புன்முறுவல், பருகும் நீரில் பனிக்கட்டி கேட்பது, உணவை நறுக்கியபின் முள்கரண்டியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றி உண்பது ஆகியவை அவரைக் காட்டிக் கொடுக்கும். 1942இல் தம் படைவீரரை இங்கிலாந்துக்கு அனுப்பியபோது, வீண்பெருமை பேச வேண்டாம், பணத்தைக் காட்டிப் பகட்ட வேண்டாம் என்று அறிவுறுத்தும் சிறுநூல் ஒன்றையே அமெரிக்க அரசு அச்சிட்டு வழங்கியது.

ஆயினும் சுற்றுலா செல்பவருக்கு இதனால் நேரும் இழப்பு யாது? கடைக்காரர் விலையைச் சற்று ஏற்றிச் சொல்வார், பெரும்பாலும் அவ்வளவே. பிழைக்க வந்தவர் நிலை வேறு. அவரை அடையாளம் காட்டும் பழக்கமே அவருடைய வேலைக்கும் கடைக்கும் உலை வைத்துவிடக்கூடும். பம்பாய்த் தமிழர் வரலாறு இதற்குச் சான்று.

1871இல் சென்னை ரயில்பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அதன்பின் நம்மவர் வருகை பெருகிற்று. தாராவியில் 1887இல் தோல் பதனிடும் தொழிற்சாலை எழுந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து உழைப்பாளிகள் வந்து அங்கே குடியேறினர். 1896ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப்பின் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்து, மாதுங்கா போன்ற புதுக் குடியிருப்புகள் வகுக்கப்பட்டன. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற தென்னாட்டு எழுத்தர்கள் மாதுங்காவில் நிறைந்தனர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952இல் சண்முகானந்தா சபையும் தோன்றின. மாதுங்கா ரயில் நிலையத்தருகே 1942இல் ராமநாயக் அவர்கள் தொடங்கிய உடுப்பி உணவகத்தில் இன்றும் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கிறது.

இவர்களையெல்லாம் நகரத்தார் 'மதராஸி' என்ற ஒரே பெயரால் அழைத்தனர். பழைய சென்னை மாகாணத்தில் தமிழரோடு ஆந்திரரும், மலையாளிகளும், தென் கன்னடத்தாரும் இருந்ததால் அப்பெயர் எல்லோர்க்கும் ஒட்டிக்கொண்டது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்த பின்னரும் அது ஒழியவில்லை. லுங்கியும் வேட்டியும், தேங்காயெண்ணெயும் திருநீறும், வாசற்கோலமும், பொங்கலன்று தாராவித் தெருக்களில் வரிசையாய் எரியும் அடுப்புகளும் நம்மை அறிவித்தன.

இவற்றினும் பெரிய அடையாளம் ஒன்று உண்டு. அது நம் பெயர். மராத்தியர் தம் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்றும் எழுதுவர். நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. ஊருக்கும் தந்தைக்குமாக முன்னே இரண்டெழுத்து, பின்னே ஒரு பெயர். படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்க, நம்மவர் மூன்றாம் கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதிவைப்பர். ஆகவே பாட்டனார், தந்தை, மகன் மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள் ஆகிவிடுகின்றன! ரயில்வே எழுத்தர் பணியில் நாம் அன்றாடம் கோப்புகளில் காண்பது இது.

இந்தப் பெயரே ஒரு காலத்தில் வினையாயிற்று. 1960இல் தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், பம்பாய் நிறுவனங்களில் உயர் பதவி வகித்த தென்னிந்தியரின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. அதனை நடத்திய பால் தாக்கரே அவர்கள் 1966 ஜூன் 19இல் சிவசேனையைத் தோற்றுவித்தார். மண்ணின் மைந்தருக்கு வேலையில்லை என்ற ஏக்கம் உண்மையானதே. ஆனால் அதன் சினம் எளியவர் மீது பாய்ந்தது. லுங்கி ஏளனச் சொல்லாயிற்று. தென்னிந்திய உணவுவிடுதிகள் தாக்கப்பட்டன. உள்ளே இருப்பவர் தமிழரா, கன்னடரா என்று கல்லெறிந்தவர் வினவவில்லை.

இதே மராத்தியர் தஞ்சையில் 1676 முதல் 1855 வரை ஆண்ட வரலாற்றையும் ஈண்டு நினைத்தல் தகும். 1803இல் சரபோஜி மன்னர் தம் குலவரலாற்றைப் பெரிய கோயிற் சுவரில் மராத்தியிலேயே பொறிக்கச் செய்தார். அவ்வழி வந்தோர் பலர் இன்றும் இல்லத்தில் மராத்தி பேசுகின்றனர். வந்த மண்ணில் தன் மொழியைப் பேணுதல் அந்த மண்ணுக்குப் பகையன்று என்பதற்குத் தஞ்சையே சாட்சி.

இன்று காலம் மாறியுள்ளது. 2004 முதல் தாணேயிலிருந்து வாஷிக்கு ஓடும் ரயில் நம் கோபர்கைரனேயில் நின்று செல்கிறது. அதில் நம் பிள்ளைகளை எவராலும் பிரித்தறிய முடியாது. உடையும் மராத்திப் பேச்சும் அவ்வளவு இயல்பாய் அமைந்துவிட்டன. காலையில் ஊதலை ஒலித்துக்கொண்டு சைக்கிளில் வரும் இட்டிலிக்காரரைச் சூழ்ந்து நிற்போருள் குஜராத்தியரும் மராத்தியரும் உண்டு. ஒருநாள் ஏளனத்துக்குள்ளான உணவை நகரம் தன்னதாக்கிக்கொண்டது. அச்சத்தால் சிலவற்றை விட்டோம். வசதிக்காகச் சிலவற்றை விட்டோம். லுங்கி போனதற்காக வருந்துவாரில்லை.

ஆனால், வீட்டில் தமிழ் பேசும் நம் பிள்ளைகளுள் பலர் இந்தப் பக்கத்தைத் தாமாகப் படிக்க இயலாதவராக உள்ளனர். இதை எவரும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை, நாமே நழுவவிட்டோம். கல்லெறிக்கு அஞ்சாது நின்றவர் வழித்தோன்றல்கள் நாம். மராத்தியை மதித்துக் கற்போம். அது வாழவைத்த மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றி. நாள்தோறும் கால்மணி நேரம் பிள்ளையை அருகமர்த்தித் தமிழ் எழுத்தையும் கற்பிப்போம். அடுத்த ஆண்டு மலரை அவர்கள் நமக்குப் படித்துக் காட்டட்டும்.