எஃகுப் பந்தும் எட்டு மடங்கும்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1928இல் ஒரு விசித்திரமான மருத்துவமனை எழுந்தது. 64 அடி விட்டமுள்ள எஃகுப் பந்து; உள்ளே ஐந்து மாடிகள், கப்பலில் இருப்பதுபோல வட்ட ஜன்னல்கள். அழுத்திய காற்றுக்குள் நோயாளிகளைத் தங்கவைத்தால் நீரிழிவு, புற்றுநோய் எல்லாம் குணமாகும் என்றார் அதன் மருத்துவர் ஓர்வல் கன்னிங்ஹாம். அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆதாரம் கேட்டது. அவர் கொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பந்தை உடைத்து இரும்பாக எடுத்துக்கொண்டார்கள்.

யோசனை மட்டும் உடையவில்லை. 1950களின் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் இட்டே போரேமா என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் அதைக் கையில் எடுத்தார். சோடாப் போத்தல் மூடியிருக்கும்வரை வாயு தண்ணீரில் கரைந்தே இருக்கும், இல்லையா? அதுபோல அழுத்தம் கூடும்போது ஒட்சிசனும் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் அதிகமாகக் கரையும். பன்றிகளின் சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் அகற்றிவிட்டு, மூன்று மடங்கு அழுத்தத்தில் ஒட்சிசன் கொடுத்தார். அவை பிழைத்தன.

அதே காலத்தில் ரொறன்ரோவில் (ஆம், எங்கள் ஆட்கள் இவ்வளவு பேர் வாழும் அதே ஊர்தான்) ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மக்கலக் இருவரும் கதிர்வீச்சு பட்ட எலிகளுக்கு எலும்பு மச்சையைச் செலுத்தினார்கள். மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொன்றும் ஒரே ஓர் அணுவிலிருந்து வளர்ந்தது. இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல், அதாவது குருத்தணு, இருப்பதற்கு 1961இல் அவர்கள் வெளியிட்ட அந்தக் கணக்கே சான்று.

குருத்தணு மாற்றுச் சிகிச்சைக்கு முன்பு இடுப்பெலும்பைத் துளைத்து மச்சை எடுப்பார்கள். இன்று பெரும்பாலும் சில நாட்கள் ஊசி போட்டு, குருத்தணுக்களை இரத்தத்துக்குள் வரவழைத்து, கையிலிருந்து இயந்திரம் மூலம் பிரித்தெடுக்கிறார்கள். நோயாளியின் சொந்த அணுக்களையே திருப்பிச் செலுத்துவதானால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு குறைந்தது 20 லட்சம் அணுக்களாவது வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பல சுற்று கீமோதெரபி எடுத்தவர்கள் சிலருக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் சிகிச்சையே தள்ளிப்போகும், சிலருக்கு நின்றும்போகும்.

இந்த இடத்தில்தான் அழுத்த அறை மறுபடி வருகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் தாமும் குழுவினரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரு மடங்கு அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் ஒட்சிசன் சுவாசித்தவர்களின் இரத்தத்தில் குருத்தணு வகை அணுக்கள் இரட்டிப்பாகின. இருபது அமர்வுகளில் ஏறக்குறைய எட்டு மடங்கு. காரணம் நைட்ரிக் ஒட்சைட் என்று சந்தேகித்து, அதைச் சரியாக உண்டாக்க முடியாத எலிகளிலும் சோதித்தார்கள். அந்த எலிகளில் ஒன்றும் கூடவில்லை. கன்னிங்ஹாம் செய்யாமல் விட்ட வேலை இதுதான் என்பேன்.

எட்டு மடங்கு என்றதும் துள்ள வேண்டாம். சாதாரண இரத்தத்தில் இந்த அணுக்கள் மிகமிகக் குறைவு. சேகரிப்பு போதாதவர்களுக்காக 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது பிளெரிக்சாஃபோர் என்ற மருந்துதான்; அழுத்த அறை வழக்கமான முறையாகவில்லை. "ஸ்டெம் செல் எட்டு மடங்கு" என்று விளம்பரம் செய்யும் தனியார் நிலையங்கள் இந்தப் பாதிக் கதையைச் சொல்வதில்லை.

கன்சாஸ் மருத்துவர்கள் பிறகு அதைச் சிகிச்சையின் மறுமுனையில் பரிசோதித்தார்கள். தொப்புள்கொடி இரத்தம் செலுத்துவதற்குச் சில மணி நேரம் முன்பு நோயாளியை அறைக்குள் வைத்தார்கள். செலுத்தும் அணுக்கள் மச்சைக்கு வழி கண்டுபிடிக்க அது உதவுமா என்பதே கேள்வி. முதல் ஆய்வில் இருந்தவர்கள் 15 பேர்.