ஏணி புராணம்

ஆபீசுல ஆணி அதிகம். ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. இன்னிக்கு ஆணியை ஓரமா வெச்சுட்டு ஏணியைப் பத்தி எழுதலாம்னு உக்காந்திருக்கேன். சிரிக்காதீங்க மக்களே, நிஜமாத்தான் சொல்றேன் :-) பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்துடுங்க.

மொதல்ல ஒரு சின்ன கொசுவர்த்தி.

எங்க அப்பா ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். பாளையங்கோட்டையில எங்க வீடு ஒத்தை மாடி கூட கிடையாது, தரைத்தளம் மட்டும்தான். கைப்பிடிச் சுவரோட சேர்த்து தரையிலேருந்து 14 அடி. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி அவரே வெள்ளையடிப்பார். போன பொங்கலுக்கும் எதுத்த வீட்டு மாமாகிட்ட 10 அடி மூங்கில் ஏணியை இரவல் வாங்கிட்டு வந்தார். சுவரோரமா அம்மாவோட செம்பருத்தித் தொட்டிகள் வரிசையா இருக்கும். அதுக்கு இடம் விட்டு, ஏணிக்காலை சுவர்லேருந்து 5 அடி தள்ளி ஊனினார். கீழ டைல்ஸ் தரை. அம்மா அப்பத்தான் கழுவி விட்டிருந்தாங்க. கீழ்ப்படிகள்ல நின்னு அடிக்கிற வரைக்கும் ஏணி அசையல. உச்சிக்குப் போனதும் அடிக்கால் சர்ருனு வழுக்கிருச்சு. வலது மணிக்கட்டு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"ஏணி மேல தப்பில்லலே, தரை மேலதான் தப்பு"ன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருந்தார். "இனிமே இந்த வீட்டுல ஒருத்தரும் ஏணியில ஏறப்படாது"ன்னு அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க. கட்டுப் பிரிச்ச மறுவாரமே, "தீபாவளிக்குள்ள வெளிச்சுவரை நானே அடிச்சிருதேன்"னு அப்பா ஆரம்பிச்சுட்டார். கடைசியில சமாதான உடன்படிக்கை என்னன்னா, நான் ஒரு நல்ல ஏணி வாங்கித் தரணும். அது வழுக்கக் கூடாது. மாடிப்படிக்கு அடியில இருக்கற மூணரை அடி சந்துக்குள்ள அடங்கணும். (வெளிய மழையில கிடந்து உளுத்துப் போன பழைய ஏணி ஒண்ணை நாங்க ஏற்கனவே பார்த்தாச்சு.)

சரி, வாங்கிடலாம்னு தேடினா டஜன் கணக்குல ரகம். மடக்கு ஏணி, நீட்டு ஏணி, குழாய்க்குள்ள குழாய் போற ஏணின்னு தலை சுத்துது. எதை வாங்கறதுன்னு தெரியாம, இது எங்கேருந்து வந்துச்சுன்னு படிக்க ஆரம்பிச்சேன். இஞ்சினியரிங் படிச்ச புத்தி, வேறென்ன.

தேனுக்காக ஏறினவங்க

ஸ்பெயின்ல வலென்சியா பக்கம் பீகார்ப்னு ஒரு ஊர். அங்க 'சிலந்திக் குகைகள்'னு பேர் வெச்சிருக்கற பாறை இடுக்குகள்ல ஒரு ஓவியம் இருக்கு. சுமார் 8000 வருஷப் பழசுன்னு பொதுவா சொல்றாங்க. ஒரு ஆள் கொடி மாதிரியோ கயிறு மாதிரியோ இருக்கற ஒண்ணுல தொங்கிக்கிட்டு, கையில கூடையோட தேன் எடுக்கறார். சுத்தி தேனீக்கள் பறக்குது. மனுஷன் உயரத்துக்குப் போறதுக்கு ஒரு சாதனம் செஞ்சான்னு காட்டற ரொம்பப் பழைய படங்கள்ல இது ஒண்ணு.

நம்ம பக்கமும் இதுக்குச் சாட்சி இருக்கு. சங்க இலக்கியத்துல மலையில தேன் எடுக்கற ஏணிக்கு 'மால்பு'ன்னே ஒரு தனிச் சொல். கண்ணேணின்னு அகராதி பொருள் சொல்லுது. மூங்கிலோட கணுவையே படியா வெச்சு ஏறறது. நீலகிரியில தேன் எடுக்கற குறும்பர்கள் கொடியில ஏணி செஞ்சு பாறையில இறங்கறதும் இதே குடும்பம்தான்.

அடுத்தது துருக்கி. சத்தல்ஹோயூக்னு 9000 வருஷத்துக்கு முந்தின ஒரு பெரிய குடியிருப்பு. அங்க தெருவே கிடையாது. வீடுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியே இருக்கும். வாசல் கூரையில. அந்த ஓட்டை வழியா ஏணி வெச்சு வீட்டுக்குள்ள இறங்கணும். அடுப்புப் புகையும் அதே வழியாத்தான் வெளிய போகணும். இதைவிட எனக்குப் பிடிச்சது என்னன்னா, அந்த மக்கள் உள்சுவருக்குத் திரும்பத் திரும்ப வெள்ளைப் பூச்சு பூசிக்கிட்டே இருந்திருக்காங்க. சில சுவர்கள்ல நூத்துக்கணக்கான அடுக்கு. எங்க அப்பா மாதிரியே ஆளுங்க :-)

எவ்வளவு நீளம்?

ஏணி வாங்கப் போற எல்லாருக்கும் வர்ற முதல் கேள்வி இது. இந்தக் கேள்விக்கு உயிரைப் பணயம் வெச்சு விடை தேடினவங்க கிரேக்கர்கள்.

கிமு 428 குளிர்காலம். பிளாட்டியா நகரத்தைச் சுத்தி எதிரிகள் ஒரு மதில் கட்டி அடைச்சுட்டாங்க. உள்ள சோறு தீர்ந்துக்கிட்டே வருது. தப்பிக்கணும்னா அந்த மதில் மேல ஏறிக் குதிக்கணும். கிட்டப் போய் அளக்க முடியாது, அம்பு வரும். என்ன செஞ்சாங்கன்னு துசிடிடீஸ் எழுதி வெச்சிருக்கார். மதில்ல பூச்சு சரியாப் பூசாத ஒரு இடம் அவங்க பக்கமாத் தெரிஞ்சது. அங்க செங்கல் வரிசையை எண்ணினாங்க. ஒரு ஆள் எண்ணினா தப்பு வரும்னு பல பேர் சேர்ந்து, பல தடவை எண்ணினாங்க. பெரும்பாலானவங்க எண்ணிக்கை சரியா இருக்கும்னு ஒரு நம்பிக்கை. ஒரு செங்கல்லோட கனத்தை மதிப்புப் போட்டு, அதை வரிசையால பெருக்கி ஏணி செஞ்சாங்க. ஒரு புயல் ராத்திரியில ஏறினாங்க. 212 பேர் ஏதென்ஸ் போய்ச் சேர்ந்தாங்க.

ராக்கெட் கம்ப்யூட்டர்கள்ல ஒரே கணக்கை மூணு தடவை போட்டு பெரும்பான்மை விடையை எடுத்துக்கற முறையைப் படிச்சிருக்கேன். இந்த ஆளுங்க செங்கல்லை வெச்சே அதைச் செஞ்சுட்டாங்க.

இதுக்கு நேர் எதிர் கதை கிமு 217ல நடந்தது. மாசிடோனியா ராஜா ஐந்தாம் பிலிப், மெலிட்டியாங்கற ஊரைத் திடீர்னு தாக்கினார். ஊர்க்காரங்க எதிர்பார்க்கவே இல்ல. சுலபமா விழுந்திருக்க வேண்டிய ஊர். ஏணியைத் தூக்கிச் சாத்தினா, மதிலுக்கு எட்டல! கட்டையான ஏணி. வந்த வழியே திரும்ப வேண்டியதாப் போச்சு.

இதைச் சொல்லி பிலிப்பை வறுத்து எடுத்த பாலிபியஸ்ங்கற வரலாற்று ஆசிரியர் ஒரு சூத்திரமும் கொடுக்கறார். மதில் 10 பங்கு உயரம்னா ஏணி 12 பங்குக்குக் குறையக் கூடாது. அடிக்கால் மதில்லேருந்து ஏணி நீளத்துல பாதி தூரத்துல இருக்கணும். அதைவிடத் தள்ளி வெச்சா ஆள் பாரத்துல ஏணி ஒடியும். கிட்ட வெச்சா செங்குத்தா நின்னு ஆளைக் கவுத்துடும்.

இதைப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. 10 அடி ஏணி. 5 அடி தள்ளி அடிக்கால். எங்க அப்பா வெச்சது அச்சு அசலா பாலிபியஸ் ஏணி!

அப்ப ஏன் வழுக்குச்சு?

பாதி நீளம் தள்ளி வெச்சா ஏணி தரையோட 60 டிகிரி சாயும். முதல் வருஷ மெக்கானிக்ஸ் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். சுவர் வழவழப்புன்னும் ஏணி எடையில்லாததுன்னும் வெச்சுக்கிட்டா கணக்கு ரொம்ப எளிசு. ஆள் உச்சியில நிக்கும்போது அடிக்கால் வழுக்காம இருக்கணும்னா தரையோட உராய்வுக் கெழு குறைஞ்சது இவ்வளவு வேணும்:

45 டிகிரி சாய்வுக்கு 1.0
60 டிகிரி சாய்வுக்கு 0.58
75 டிகிரி சாய்வுக்கு 0.27

ஆள் பாதி ஏணியில நின்னா இதுல பாதி போதும். கால்வாசி உயரத்துல நின்னா கால்வாசி. அதாவது, கீழ்ப்படியில நின்னு ஆட்டிப் பார்த்து "ஸ்ட்ராங்காத்தான் இருக்கு"ன்னு சொல்றது ஒரு சோதனையே கிடையாது. மேல ஏற ஏறத்தான் அடியில பரீட்சை நடக்குது. அப்பா கீழ இருந்த வரைக்கும் அசையாத ஏணி உச்சியில ஏன் ஓடுச்சுன்னு இப்பத்தான் புரிஞ்சது.

கிரேக்க சிப்பாயோட ஏணிக்கால் மண்ணுல புதைஞ்சு நிக்கும். ஒரே ஏணியில வரிசையா ஆளுங்க ஏறுவாங்க, மேலேருந்து எதிரி தள்ளுவான். அவனுக்கு 60 டிகிரி சரி. ஈரமான டைல்ஸ் மேல ஒத்தை ஆளு வெள்ளையடிக்க அது ஆகாது. இன்னிக்கு உலகம் முழுக்கச் சொல்ற விதி நாலுக்கு ஒண்ணு. 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளி. கிட்டத்தட்ட 75 டிகிரி.

எப்படி மடங்குச்சு?

சாத்தற ஏணிக்குச் சுவர் வேணும். தானே நிக்கற மடக்கு ஏணிக்கு அது தேவையில்ல. 1862ல அமெரிக்காவுல ஓஹையோ மாநிலம் டேட்டன் நகரத்துத் தச்சர் ஜான் பால்ஸ்லி இதுக்கு ஒரு காப்புரிமை வாங்கினார். உருண்டைக் கம்புக்குப் பதில் தட்டையான படி, மடக்கி வைக்கக் கீல். நம்ம வீட்டுல பரண்ல சாமான் எடுக்க ஏறறது இவரோட பேரன்தான். (பின்னாடி ரைட் சகோதரர்கள் வந்ததும் அதே டேட்டன்தான். உயரத்துக்குப் போறதுல அந்த ஊருக்கு என்னவோ ஆசை.)

ஆனா எல்லாம் மரம். கனம். அலுமினியம் அப்ப நகைக்கடைச் சரக்கு மாதிரி. 1884ல வாஷிங்டன் நினைவுத் தூணுக்கு உச்சியில அலுமினியக் கூம்பு வெச்சதே பெரிய பெருமையாப் பேசினாங்க. 1886ல அமெரிக்காவுல ஹால், பிரான்ஸ்ல எரூல்னு ரெண்டு பேர், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலே மின்சாரத்தால அலுமினியம் பிரிக்கற ஒரே வழியைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பேரும் 1863ல பொறந்தவங்க! விலை சரிஞ்சுது. இரும்புல மூணுல ஒரு பங்கு எடைதான், துருவும் பிடிக்காது. இருபதாம் நூற்றாண்டுல அலுமினிய ஏணி மரத்தைத் தள்ளிவிட்டுட்டு மேல வந்துடுச்சு. 1980கள்ல ஸ்வீடன்ல குழாய்க்குள்ள குழாய் நுழையற ஏணியும் வந்தாச்சு.

ஒரே ஒரு வில்லங்கம். அலுமினியம் மின்சாரத்தை அழகாக் கடத்தும். வீட்டுக்கு வர்ற கரண்ட் கம்பி பெரும்பாலும் நாம பெயிண்ட் அடிக்கப் போற அதே முகப்புச் சுவர்லதான் வந்து சேரும். அதனாலதான் மின்சார வேலைக்குக் கண்ணாடியிழை ஏணி வெச்சிருக்காங்க. காஞ்ச மரம் ஓரளவு காப்பாத்தும். நனைஞ்ச மூங்கிலை நம்பவே கூடாது.

கடைசியில எதை வாங்கினேன்?

குழாய் ஏணி சந்துக்குள்ள அழகா அடங்கும். ஆனா ஒவ்வொரு பூட்டும் விழுந்துதான்னு ஒவ்வொரு தடவையும் பார்க்கணும், மடக்கும்போது விரல் மாட்டும். மணிக்கட்டு முறிஞ்சு தேறின ஆளுக்கு வேண்டாம்னு விட்டேன். மூணு மூணு படியா நாலு துண்டு, நடுவுல கீல் வெச்ச பலவித மடக்கு ஏணியை எடுத்தேன். நிமிர்த்தினா பதினொன்றரை அடி, மடக்கினா மூணு அடி சொச்சம். நடுவுல மடிச்சா ரெண்டு பக்கமும் ஊனித் தானே நிக்கும். 150 கிலோ தாங்கும்னு ஐரோப்பியத் தரமான இஎன் 131 முத்திரை. அடியில அகலமான குறுக்குக் கம்பி, ரப்பர் பாதம்.

பதினொன்றரை அடி 14 அடிச் சுவருக்கு எட்டுமான்னு கேப்பீங்க. மேல் மூணு படியில நிக்கக் கூடாது. நாலாவது படி தரையிலேருந்து சுமார் 8 அடி. அதுல நின்னு கையைத் தூக்கினா இன்னொரு ஆறு அடிக்கு மேல எட்டும். கணக்குச் சரியா வந்துடுச்சு. மாடி வீடா இருந்திருந்தா ஏணியே வேண்டாம், சாரம் கட்டுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். ஏணி போய்ட்டு வர்றதுக்கு. நாள் பூரா நின்னு வேலை பார்க்க சாரம்.

போன வாரம் ஊருக்குப் போனேன். அப்பா இன்ச் டேப் எடுத்து, சுவர்லேருந்து இரண்டே முக்கால் அடியில சாக்பீஸ் கோடு கிழிச்சார். வாத்தியார் பழக்கம். செம்பருத்தித் தொட்டி எல்லாம் காம்பவுண்டு ஓரத்துக்குக் குடி போயிருச்சு. தரை காஞ்சிருக்கான்னு அம்மா செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலால தேய்ச்சுப் பார்த்துட்டு, ஏணிக்காலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் சர்வீஸ் கம்பி பக்கத்துல நின்னு, "இந்தப் பக்கம் வேண்டாம்ப்பா, பெயிண்டர் பார்த்துக்கட்டும்"னேன்.

அப்பாகிட்ட பாலிபியஸ் கதையைச் சொன்னேன். பிரஷ்ஷை நிறுத்திட்டுக் கேட்டார். "அப்ப அந்த கிரேக்கன் கணக்கு தப்பாலே?"

"தப்பில்லப்பா. அவனுக்கு மண்ணுத் தரை. நமக்கு டைல்ஸ்."

"அதைத்தானலே நானும் சொன்னேன், தரை மேலதான் தப்புன்னு!"

கீழேருந்து அம்மா, "பேசாம அடிச்சிட்டு இறங்குங்க"ன்னாங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு ஏணி ஏறப் போறவங்க மூணு விஷயம் மறக்காதீங்க. ஏறும்போதும் இறங்கும்போதும் ரெண்டு கால் ஒரு கை, இல்லன்னா ரெண்டு கை ஒரு கால், ஏணியில இருக்கணும். எட்டலன்னா எக்காதீங்க, இறங்கி ஏணியை நகர்த்துங்க. தனியா இருக்கும்போது ஏறாதீங்க. அம்புட்டுதேன்.