சவர்க்கார நாடகமும் விருது மேடையும்



சவர்க்காரத்துக்கும் நாடகக் கலைக்கும் என்ன உறவு என்று ஒருவர் வினவினால் நமக்கு நகைப்பே தோன்றும். ஆயினும், ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரை மாலைதோறும் நம் வீடுகளில் ஓடும் தொலைக்காட்சித் தொடர்களின் குலமுதல் சவர்க்காரமேயாகும். 1930ஆம் ஆண்டில், சிகாகோ நகர வானொலியில், ஏர்னா பிலிப்ஸ் என்னும் அம்மையார், பகற்பொழுதில் வீட்டு வேலையில் ஈடுபட்டிருந்த பெண்களுக்கென நாள்தோறும் தொடரும் குடும்பக் கதையொன்றை எழுதி வழங்கினார். 1933இல் ஒக்ஸிடோல் என்னும் சலவைத்தூளை விற்ற நிறுவனம் 'மா பேர்க்கின்ஸ்' என்னும் தொடரின் செலவை ஏற்றுக்கொண்டது. துணி வெளுக்கும் வேளையில் கதை. கதைக்கு நடுவே சலவைத்தூளின் புகழ். பத்திரிகைகள் இவற்றுக்குச் 'சவர்க்கார நாடகம்' என ஏளனமாகப் பெயர் சூட்டின.

ஏளனப் பெயர் பெற்ற கலைக்கு மகுடம் சூட்டுவோர் எளிதில் வருவரோ? அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது 1949இலேயே பிறந்தது. பகல்நேர நிகழ்ச்சிகளுக்கெனத் தனி விழா எடுக்கப்பட்டதோ 1974இலேதான். அவ்விழாவின் வரலாற்றில் சூசன் லூச்சி என்னும் நடிகையின் கதை சுவையானது. 1978 முதல் பதினெட்டு முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பதினெட்டு முறையும் வெறுங்கையோடு வீடு திரும்பினார். பத்தொன்பதாம் முறை, 1999இல், பரிசு அவருக்கென அறிவிக்கப்பட்டபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கரவொலி செய்தது. வென்றவர் பலரை மறந்த உலகம் தோற்றுத் தோற்று வந்த இவரை மறக்கவில்லை.

இனித் தமிழகத்துக்கு வருவோம். சன் தொலைக்காட்சி 2010இல் 'சன் குடும்பம் விருதுகள்' என்னும் விழாவைத் தொடங்கிற்று. தன் அலைவரிசையின் தொடர்களுக்குத் தானே பரிசளிக்கும் விழா அது. ஆண்டுதோறும் பாடசாலைப் பரிசளிப்பு விழா நடத்தும் எனக்கு இம்முறையில் ஓர் ஐயம் உண்டு. வினாத்தாளைத் தயாரித்தவரும், விடைத்தாளைத் திருத்தியவரும், மாலை அணிவிப்பவரும், மாணவனின் தந்தையும் ஒருவரேயாயின் அப்பரிசை ஊர் எங்ஙனம் மதிக்கும்? அரசு வழங்கும் விருதிலோ வேறொரு குறை. 2009 முதல் 2013 வரையான தொடர்களுக்குரிய தமிழக அரசின் சின்னத்திரை விருதுகள் 2017இல் அறிவிக்கப்பட்டு, 2022 செப்ரெம்பர் 4ஆம் நாளன்றே சென்னைக் கலைவாணர் அரங்கில் வழங்கப்பட்டன. 2009ஆம் ஆண்டின் நடிப்புக்கு மாலை பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. 1533 பகுதிகள் ஓடிய 'கோலங்கள்' முடிவுற்றதும் அந்த 2009இலேதான்; அதன்பின் எத்தனையோ தொடர்கள் வந்து மறைந்துவிட்டன.

நம் நாட்டுக்கும் தொடர் நாடகம் புதிதன்று. தொலைக்காட்சி வருமுன்னரே இலங்கை வானொலியில் இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', சானா என்னும் சண்முகநாதன் அளித்த 'லண்டன் கந்தையா' ஆகியவை ஒலித்தன. அவற்றில் பேசியோர் செந்தமிழ் பேசவில்லை. நயினாதீவுத் துறையிலும் வேலணைச் சந்தியிலும் நாம் பேசும் யாழ்ப்பாணத் தமிழையே பேசினர். எழுபதுகளில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்', கே. எம். வாசகரின் நெறியாள்கையில் வர்த்தக ஒலிபரப்பில் தொடராக வந்தது. சிகாகோவில் சலவைத்தூள் ஏற்ற பொறுப்பை இங்கே மக்கள் வங்கி ஏற்றது. அந்நேரத்தில் அடுப்பில் உலையை மறந்த அன்னையர் நம் தீவுகளில் பலர்.

1990இல் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் போரில் அழிந்தது; புதிய கோபுரம் 2011இலேதான் எழுந்தது. இடைக்காலத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவின் மின்னில் மற்றையோர் வானொலி கேட்டோம். கை ஓய்ந்தால் குரலும் ஓயும்! இன்று தொலைக்காட்சி இல்லாத வீடு அரிது. ஆனால் நம் சிறுவர் பாடசாலை நாடகத்துக்கு வசனம் எழுதினால் சென்னைத் தொடரின் பேச்சே அதில் வருகிறது. எம் ஊர்ப் பேச்சில் நடிக்கலாம் என்றால் வியப்புடன் நோக்குகின்றனர். விருது பெறுவது எந்தப் பேச்சோ அதுவே நாடகப் பேச்சு என்று அவர்கள் எண்ணுவதில் பிழை சொல்வதெங்ஙனம்?

இலங்கையிலும் தொலைக்காட்சிக்கு ஆண்டு விழாக்கள் உண்டு. சுமதி விருது விழா 1995இலும், ரைகம் விருது விழா 2005இலும் தொடங்கின. இரண்டும் பெரும்பாலும் சிங்களத் தொடர்களை நோக்கியவை. இலங்கையர்கோன் 1961இலேயே மறைந்துவிட்டார். சில்லையூர் செல்வராசன் மறைந்தது 1995இல், முதலாவது சுமதி விழா நிகழ்ந்த அதே ஆண்டில்.