வீட்டுக் குளத்தில் தலைப்பிரட்டைகளும் தவளைகளும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

சேலம், நாமக்கல் சமவெளியில் நல்ல மழை பெய்த இரவில் தோட்டத்துத் தாமரைத் தொட்டிகளிலும் சிறு குளங்களிலும் தவளைகள் கத்தத் தொடங்கும். சில நாள்களில் நீரெங்கும் கரிய தலைப்பிரட்டைகள் நெளியும். வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் அச்சம் எழுவது இயல்பே. தவளையும் தேரையும் டெங்குவையோ மலேரியாவையோ பரப்புவதில்லை. எனினும் அவற்றின் உடலிலும் அவை வாழும் நீரிலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமிகள் இருக்கக்கூடும். அந்நீரைக் குடிக்கவோ பாத்திரம் கழுவவோ பயன்படுத்தக் கூடாது. குளத்தில் கை வைத்தபின் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

"தேரை விழுந்த குழந்தை"

உடல் மெலிந்து தேயும் குழந்தையை இவ்வாறு அழைத்து, மந்திரிக்க அழைத்துச் செல்லும் வழக்கம் இன்றும் சில குடும்பங்களில் உண்டு. தேரை மேலே குதித்ததால் எந்தக் குழந்தையும் மெலிவதில்லை. ஊட்டச்சத்துக் குறைபாடு, தொடர் வயிற்றுப்போக்கு, காசநோய் ஆகியவை காரணமாக இருக்கலாம். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேற்கை நடுச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலோ, இரு பாதங்களும் வீங்கியிருந்தாலோ அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். அங்கன்வாடியில் இதனை அளந்து பார்க்கலாம். குளத்தைத் தூர்ப்பதற்கு முன் குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேரையைத் தொட்டால் மரு வருமென்பதும் தவறு; மரு ஒருவகை வைரசால் வருவது. ஆனால் தேரையின் கண்களுக்குப் பின்னுள்ள சுரப்பிகளில் நஞ்சு உண்டு. அது கண்ணில் பட்டால் தூய நீரால் 15 நிமிடம் கழுவ வேண்டும். தேரையை உண்பதும், நாட்டு மருந்தெனக் கொடுப்பதும் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கக்கூடும். குழந்தை வாயில் வைத்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எண்ணிக்கையைக் குறைக்கும் வழி

பிளீச்சிங் பவுடர், உப்பு, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து எதனையும் குளத்தில் கொட்டக் கூடாது. கொசுப்புழுவை உண்ணும் மீன்கள் முதலில் இறந்துவிடும். நஞ்சு கலந்த நீர் கால்நடைக்கும் கேடு. தேரையின் முட்டைகள் கருமணி கோத்த நீண்ட கயிறுபோல் நீர்ச்செடிகளைச் சுற்றியிருக்கும். பொரிக்கும் முன்பே அவற்றைச் சிறு வலையால் அள்ளிவிடுவதே எளிய வழி. தலைப்பிரட்டைகள் பெருகிவிட்டாலும் சில வாரங்களில் அவை கால் முளைத்து வெளியேறிவிடும், பொறுத்திருக்கலாம். விளிம்பில் நெருக்கமான வலை கட்டினால் புதிய தவளைகள் வருவது குறையும். சிறு குழந்தைகள் தவறி விழுவதைத் தடுக்கக் குளத்தைச் சுற்றி உறுதியான வேலியும் வேண்டும்.

கம்பூசியா மீன்கள் கொசுப்புழுக்களையும், ஓரளவு தலைப்பிரட்டைகளையும் உண்ணும். இவை குறித்து உங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். இம்மீன்களை ஏரியிலோ ஆற்றிலோ விட வேண்டாம்.

தவளைக் குளத்தைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது பக்கத்திலுள்ள மூடாத சிமெண்டுத் தொட்டியும் டிரம்மும்தான். டெங்குக் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களே ஆகும். அதன் முட்டைகள் உலர்ந்த தொட்டிச் சுவரில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்.

தவளையைத் தேடிப் பாம்பு வரும்

குளத்தைச் சுற்றியுள்ள புல்லை வெட்டி, விறகு, கல் குவியல்களை அகற்றுங்கள். இரவில் டார்ச் விளக்கும் காலணியும் இன்றி அங்கே செல்ல வேண்டாம். கடிபட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகியவை கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விஷமுறிவு மருந்து அங்கே கட்டணமின்றித் தரப்படும். பாம்பைப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. மற்ற ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் கேட்கலாம்.