ஐந்தாவது டயர்

ஹட்டனில் டயர்க் கடை வைத்திருந்த மாமா, தோட்டத் துரைமாரின் ஆஸ்டின் கார் வந்தால் முதலில் டிக்கியைத்தான் திறப்பார். ஸ்பெயார் வீலையும் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்றிப் பூட்டுவார். மலை வளைவுகளில் முன் டயரின் வெளியோரம் சீக்கிரம் மொட்டையாகிவிடும். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. களனியில் சோவியத் உதவியோடு தொழிற்சாலை வந்தும் டயர் பொக்கிஷம்தான். காற்றைக் கம்பியால் தட்டியே சொல்வார்.

1986இல் போர்ஷே 959 சக்கரத்துக்குள் காற்றழுத்தச் சென்சார் வைத்தது. ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்கா 2007இல் அதைக் கட்டாயமாக்கியது. எங்கள் மலைக்கு ஏறிவந்த ஜப்பான் கார்கள் பலவற்றில் அது கிடையாது; கேஜையே நம்பவேண்டும். கொழும்பில் அடித்த காற்றை, 1,868 மீட்டர் உயர நுவரெலியாவில் கேஜ் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும்; விடிகாலைக் குளிர் அந்தக் கூடுதலைக் கிட்டத்தட்ட இறக்கிவிடும்.