உறையும் உள்வைப்பும்: மார்பகத் திருத்த அறுவையில் முதலிடம் எதற்கு?

மார்பகத்தில் சிலிகான் உள்வைப்பு பொருத்தப்பட்ட சில வாரங்களில், உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறையைக் கட்டிவிடுகிறது. இதயமுடுக்கியே ஆனாலும் அயற்பொருளுக்கு உடல் செய்யும் மரியாதை இதுதான், இது நோயன்று. உறை தடித்துச் சுருங்கும்போதே தொல்லை தொடங்குகிறது. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் க்ரோனினும் ஃப்ராங்க் ஜெரோவும் முதல் சிலிகான் ஜெல் உள்வைப்பைப் பொருத்திய நாள்தொட்டு அதன் மேலோடும் உள்ளிருக்கும் ஜெல்லும் பலமுறை மாறிவிட்டன. உறை மட்டும் மாறவில்லை. ஆயினும் திருத்த அறுவை என்றாலே பழையதை எடுத்துப் புதியதை வைப்பது என்ற எண்ணம் நிலவுகிறது. எவ்வளவு அறுப்பது, எதை விட்டுவைப்பது என்பதை உறையின் நிலையே முடிவுசெய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உறைச் சுருக்கத்தை பேக்கர் அளவுகோல் நான்கு படிகளாகப் பிரிக்கிறது. மூன்றாம் படியில் மார்பகம் இறுகி உருக்குலைகிறது. நான்காவதில் வலியும் சேர்கிறது. அறுவை பெரும்பாலும் இவ்விரு படிகளுக்கே. முன்பு மார்பகத்தைக் கைகளால் அழுத்தி உறையைக் கிழிக்கும் முறை இருந்தது. உள்வைப்பு உடைவதும் உள்ளே குருதி கட்டுவதும் நேர்ந்ததால் அது கைவிடப்பட்டது. உறையைக் கீறி நெகிழ்த்துவது எளிது. ஆனால் சுருக்கம் திரும்பிவர வாய்ப்புண்டு. தோலில் இயல்பாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற நுண்ணுயிரிகள் உள்வைப்பின் மேல் மென்படலமாகப் படிந்து அழற்சியை நீட்டிப்பது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அப்படியானால் பழைய உறைக்குள்ளேயே புது உள்வைப்பை வைப்பது, அழுக்குப் பாத்திரத்தில் புதுப்பாலை ஊற்றுவது போலத்தான். உறையை நீக்கி, சுரப்பிக்கு அடியில் இருந்ததை மார்புத் தசைக்கு அடியில் புதிய இடத்துக்கு மாற்றுவது இதனாலேயே பொருத்தமாகிறது. கதிர்வீச்சு பெற்ற மார்பகத்தில் இதுவும் பலமுறை தோற்கிறது. வயிற்றிலோ முதுகிலோ இருந்து சொந்தத் திசுவை எடுத்து மறுசீரமைப்பதே அங்கே தக்க வழி.

திருத்தத்துக்கு இன்னொரு காரணம் கசிவு. உப்புநீர் நிரப்பிய உள்வைப்பு கசிந்தால் மார்பகம் வற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். சிலிகான் ஜெல்லோ உறைக்குள் அடங்கி ஓசையின்றி இருந்துவிடும். ஆகவே அறிகுறி இல்லாவிடினும் 5 முதல் 6 ஆண்டுகளில் முதல் முறையும், பின்னர் 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் பரிந்துரைத்தது.

உள்வைப்பே குற்றவாளியான வழக்கும் உண்டு. பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிகானை நிரப்பியது 2010இல் வெளிப்பட்டது. 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு சுமார் 30,000 பெண்களுக்கு, அறிகுறி இல்லாவிடினும் அவற்றை அகற்றிக்கொள்ளுமாறு அறிவுறுத்தியது. பிரிட்டனோ அனைவருக்கும் அகற்றல் தேவையில்லை என்றது. பொருள் ஒன்றாயினும் தீர்ப்பு இரண்டானது. உள்வைப்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பதன் சிக்கல் இங்கேயும் தெரிகிறது.

உறை முழுவதையும் ஒரே துண்டாக நீக்குவது ஐயத்துக்கிடமின்றித் தேவைப்படுவது, சொரசொரப்பான மேற்பரப்புள்ள உள்வைப்போடு தொடர்புடைய அரிய நிணநீர்ப் புற்றுநோயில்தான். பல ஆண்டுகளுக்குப் பின் மார்பகம் திடீரென நீர்கோத்து வீங்குவது அதன் வழக்கமான அடையாளம். உறையின் எச்சம் நோயின் எச்சமாகலாம். இந்நோயின் காரணமாகவே அலர்கன் நிறுவனம் 2019 ஜூலையில் பயோசெல் என்னும் தன் சொரசொரப்பான உள்வைப்புகளைத் திரும்பப் பெற்றது. ஆனால் அறிகுறியற்றோர் அவற்றை அகற்றத் தேவையில்லை என்றே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கூறியது. சோர்வு, மூட்டுவலி போன்ற உடல்தழுவிய தொல்லைகளுக்கும் இதே முழுநீக்கத்தைக் கோருவோர் பெருகியுள்ளனர். அக்கோரிக்கைக்கு வலுவான சான்றில்லை: 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் உறையை முழுதாக நீக்கினாலும் பகுதியாக நீக்கினாலும் நீக்காமலே விட்டாலும் தொல்லை குறைவதில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. விலா எலும்போடு ஒட்டிய பின்னுறையை உரிக்கையில் நுரையீரல் உறை கிழியும் ஆபத்தோ மெய்யானது.

புதிய உள்வைப்பு வேண்டாம் என்பவருக்குத் தொங்கும் தோலைத் தூக்கித் தைக்கலாம், கொழுப்பையும் நிரப்பலாம். உறை உரித்து மெலிந்த சுரப்பியில் முலைக்காம்புக்கான குருதியோட்டம் குன்றியிருக்கும். அத்தகையோருக்கு அகற்றலை முதலில் முடித்து, தூக்கித் தைப்பதைச் சில மாதங்கள் தள்ளிவைப்பதுண்டு.